நாய் சீப்பும் சவுண்ட் கார்டும்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பாலிடெக்னிக்கில் படித்தவள், பத்து வருடமாக இதே வேலையில் இருக்கிறவள் என்ற நம்பிக்கை. நானும் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டு பத்தியாக எழுதிக் கொடுப்பேன். அவர்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது எனக்கு லேசாகக் கூசும். கொடுத்த விலைக்கு உண்மையாக உழைத்த சாமான்கள் என்று நானே ஒரு பட்டியல் போட்டால் அதில் ஐந்துதான் தேறும். அந்த ஐந்தையும் வாங்கியவர் கடைசிவரை கீபோர்டில் ஒரு விரலைக்கூட வைத்ததில்லை. ஐந்தில் ஒன்றுகூட என் தாளில் 'வேண்டியவை' பக்கம் இருந்ததுமில்லை.

அவர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் சொந்த வீட்டுக்கு வந்தவர். தெருவே அவரைச் சுபேதார் என்றுதான் கூப்பிட்டது. காலையில் காக்கி அரை டிரவுசர், கான்வாஸ் ஷூ. சாயங்காலம் வேட்டி, அதே கான்வாஸ் ஷூ. அணிவகுப்பு மைதானத்தில் பேசுவதுபோல எப்போதும் உரக்கப் பேசுவார். நாம் பேசும்போது கண்ணைச் சிமிட்டாமல் நம் முகத்தையே பார்ப்பார். முதல் நாள் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

அந்த முதல் நாள் எண்பதுகளின் கடைசியில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு மடவார் வளாகத்தில், நடந்தே போய்விடலாம். ஒரு மத்தியானம் இவர் அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நாய்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் கை காட்டினார். இவர் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். ஊரில் உள்ள வெள்ளை நாய்கள், அவற்றின் தகப்பன், தாய், தாத்தன், பூட்டன்.

"எது எதுக்குச் சொந்தம்னு இதுல தேடுறதுக்கு ரெண்டு நாள் ஆகுது. அதுக்குள்ள பொட்டைக்குப் பருவம் போயிருது. ஒங்க மெஷினு எம்புட்டு நேரத்துல சொல்லும்?"

"ரெண்டு நிமிஷம் ஆகும், ஐயா."

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. எல்லாவற்றுக்கும் இரண்டு நிமிடம்தான் ஆகும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து நாயை அறியாதவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், இதற்குத்தான் விலை. ஒரு புள்ளி விழுந்தாலும் மதிப்பு குறையும் என்று வெள்ளையை வெள்ளையோடு, சொந்தத்தைச் சொந்தத்தோடு சேர்த்துக்கொண்டே போவார்கள். நிறம் நிற்கும், காது போய்விடும். வாங்கிப் போகிறவர் வீட்டில் போய்க் கூப்பிட்டுப் பார்ப்பார், குட்டி திரும்பாது. மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து விடுவார். மற்றவர்கள் அந்தக் குட்டிகளை என்ன செய்தார்கள் என்று நான் கேட்டதில்லை. சுபேதார் தன்னிடம் திரும்பி வந்ததையெல்லாம் தானே வைத்துக்கொண்டார். நான் போனபோது வீட்டில் அப்படி நான்கு இருந்தன. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வெள்ளை வெளேரென்று ஒரு ஈத்து, அதில் விழுகிற அத்தனை குட்டிக்கும் காது கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ராஜபாளையம் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுப்பதாகப் பேச்சு. போன அன்றே அவர் மனைவி, நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன், வாசலில் என்னை நிறுத்தினார்.

"காலைத் தரையில தட்டிட்டு வா. திடுக்குனு போனா மெரண்டுரும், ஒன்னுக்கும் காது கேக்காது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, நீ படிச்ச புள்ளதானே? ஒனக்கு வேற சோலி இல்லையா? நாய்க்கு ஜாதகம் எழுத வந்துட்ட?"

நான் மரியாதையாக, "இது ஜாதகம் இல்லம்மா, டேட்டாபேஸ்" என்றேன்.

"அதுக்கும் தட்சணை உண்டுல்லா? வா, காப்பி குடி."

மெஷின் வாங்க மதுரைக்குப் போனோம். ஒரு வாரம் உட்கார்ந்து பதினான்கு வரிசைப் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தேன். கடைக்காரர் மேஜையில் வைத்திருந்த மூன்று மெஷின்களில் முதலாவது, டர்போ பட்டனும் சிவப்பு விளக்கும் உள்ளது, பதினான்கில் பன்னிரண்டு மார்க் வாங்கியது. சுபேதார் பட்டியலைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு மெஷினையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் மோந்து பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "தூங்க வச்சு எழுப்பிக் காட்டுங்க" என்றார்.

"அப்படின்னா?"

"அணைச்சுப் போடுங்க. பத்து வாட்டி."

"சார், பத்து வாட்டி அணைச்சுப் போட்டா கெட்டுரும்."

"பத்து வாட்டிக்குக் கெடுற சாமானை எதுக்குத் தம்பி விக்கிறீக?"

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரோடு வந்தவள் என்று தெரியாமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. என் பன்னிரண்டு மார்க் மெஷின் ஏழாவது தடவை எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் தட்டினார், ஊதினார், உள்ளே போய் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அது எழவே இல்லை. மூன்றாவதாக, ஓரத்தில் இருந்த மங்கிய நிறப் பெட்டி பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே எழுந்தது. அதைத்தான் வாங்கினார். ஐந்து வருடம் ஓடியது.

அவருடைய முறையே இதுதான். குட்டி பார்க்கிற மாதிரிதான் எதையும் பார்ப்பார். மற்றவர் சொல்வதைக் கேட்டு வாங்க மாட்டார். தூங்க வைத்து எழுப்பி, அது என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் வாங்குவார்.

மென்பொருள் விஷயத்தில் நான் அவரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் டேட்டாபேஸ் செய்ய உதவும் டிபேஸை யாரும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்ததில்லை. எங்கள் சென்டரில் ஒரு பிளாப்பி டப்பாவைக் கொண்டு போனால் நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சொன்னேன்.

"வெலைக்கு வாங்குனா புஸ்தகம் கூட வருமா?"

"வரும். ரெண்டு தடி புஸ்தகம். அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, ஐயா."

"எழுதுனவன் படிப்பாம்லா? வாங்கு."

சென்னைக்கு எழுதிப் போட்டு, பெட்டியோடு வாங்கினார். இரண்டு புத்தகமும் நல்ல கனம். மானிட்டர் என் கண்ணுக்குத் தாழ்வாக இருந்ததால் அவற்றை அதன் அடியில் கொடுத்து உயர்த்திக்கொண்டேன். உயரம் மிகச் சரியாக இருந்தது. அதை வாங்கியதன் பயன் அதோடு முடிந்தது என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தேன்.

வேலை மும்முரமாக நடந்தது. நோட்டில் இருந்த நூற்றுச் சொச்சம் நாய்களை ஏற்றினேன். முதல் சிக்கல் பெயர். ஊரில் ஒன்பது ராஜா இருந்தன. நான் பெயரை வைத்தே ஒவ்வொரு நாயையும் அடையாளம் காணும்படி எழுதியிருந்ததால், மெஷின் ஒன்பதையும் ஒரே நாயாக எடுத்துக்கொண்டு ஊரில் பாதி நாய்க்கு ஒரே தகப்பன் என்று அறிவித்தது. ராஜா-1, ராஜா-2 என்று எண் போட்டுச் சமாளித்தேன். அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு மில் மேஸ்திரி இருந்தார். அவரும் நாய் வளர்ப்பவர். அவர் நாய்களுக்குக் காது எப்படி என்று அவர் யாருக்கும் காட்டியதில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தால் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் இங்கே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"என்ன சுபேதாரே, நாய்க்கெல்லாம் ரேஷன் கார்டு போடுறீகளாமே?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சுபேதார் நிமிர்ந்து சிரித்தார். "ஆமாமா. சாயங்காலம் மழை வரும் போலத்தான் இருக்கு."

மேஸ்திரி உள்ளே போய்விட்டார். கேலி பேசுகிறவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பதில் சொல்ல இவர் ஒருவரால்தான் முடியும் என்று நான் வியந்தேன். இந்தப் பதிலை நானும் சென்டரில் ஓரிரு முறை பயன்படுத்திப் பார்த்தேன். எடுபடவில்லை.

இரண்டாம் வருடம் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிளாப்பியைப் போட்டால் படிக்காது. திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சு வைத்து அடைத்தது போல வெள்ளை முடி. பக்கத்து அறையில் அத்தனை நாய்கள், இங்கே மெஷினில் காற்றை இழுக்கிற விசிறி, வேறு என்ன நடக்கும்? நான் இதை முறைப்படி அணுகினேன். கண்ணாடித் தடுப்பு, இரட்டைக் கதவு, ஏசி, ஜன்னலுக்கு வடிகட்டி என்று இரண்டு பக்கத் திட்டம் ஒன்றைப் படத்தோடு வரைந்து கொடுத்தேன். அவர் முழுதும் படித்தார். மடித்து வைத்தார்.

"மெஷினைச் சீவ முடியாது. நாயைச் சீவலாம்லா?"

அடுத்த வாரம் மதுரையிலிருந்து எவர்சில்வரில் ஒரு நாய் சீப்பு வாங்கி வந்தார். தினமும் காலையில் கிணற்றடியில் ஒவ்வொன்றாக உட்கார வைத்துச் சீவிவிட்ட பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். அதன் பிறகு பிளாப்பி படிக்கவில்லை என்ற பேச்சே எழவில்லை. கம்ப்யூட்டருக்காக வாங்கிய பொருள்களிலேயே மலிவானதும் உருப்படியானதும் எது என்று இன்று யாராவது கேட்டால் நாய் சீப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கேட்பவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வருவதில்லை.

பிரிண்டரையும் நான் வேண்டாம் என்றுதான் எழுதினேன். திரையிலேயே எல்லாம் தெரியும்போது தாள் எதற்கு?

"சோழபுரத்துக்காரன் நாயைக் கூட்டிட்டு வந்து ஒன் டப்பா முன்னால நிப்பானா? தாளா இருந்தா அவன் வீட்டுக்குக் கொண்டு போயிப் பேசலாம்."

கடையில் இருந்ததிலேயே அதிகமாகக் கத்துகிற பிரிண்டரை எடுத்தார். "இதுல தலை எங்கிட்டுப் போகுது, எங்கிட்டு வருதுன்னு பாக்க முடியுது" என்றார். அகலத் தாளில் அது வம்சாவளி அடிக்க ஆரம்பித்தால் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் காதில் விரல் வைத்துக்கொள்வேன். சுபேதார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, செத்த நேரத்தில் தூங்கிவிடுவார். பீரங்கிக்குப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பாதி சரியான விளக்கம்தான்.

அந்தப் பிரிண்டர் வந்த பிறகு அவர் சுருட்டிய தாளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நாய்க்காரர்கள் அதுவரை வாய் வார்த்தையாகச் சொன்னதையெல்லாம் தாளில் பார்த்துத் திருத்தினார்கள். ஆங்கில எழுத்தில் வருகிற பெயர்களுக்குப் பக்கத்தில் நான் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுப்பேன். நூற்றுச் சொச்சம் இருநூறைத் தாண்டியது. இடையில் பழைய மெஷின் போய், அதைவிட வேகமான 386 மெஷின் ஒன்று வந்தது. அதையும் பத்து தடவை எழுப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்.

ஆனால் ஈத்து மட்டும் அமையவில்லை. மெஷின் சொன்னபடி இரண்டு முறை சேர்த்தார். ஒன்றில் குட்டிகளுக்குப் புள்ளி விழுந்தது. இன்னொன்றில் வெள்ளை வந்தது, ஒரு குட்டி செவிடு. வீட்டில் செவிடு ஐந்தானது. அம்மாவுக்கு இடுப்பு வலி வேறு.

தொண்ணூறுகளின் நடுவில்தான் அந்தப் பொருத்தம் வந்தது. வீட்டில் பவளம் என்று ஒரு பொட்டை. பக்கத்துச் சோழபுரத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கர்ணன் என்று ஓர் ஆண். இரண்டும் பால் மாதிரி. மூன்று தலைமுறைக்கு வம்சாவளி அடித்தேன். இரு பக்கத்திலும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. தாளைப் பார்த்த சம்சாரி, "எங்க குடும்பத்துக்கே இப்படி ஒரு சீட்டு கெடையாதுங்க" என்றாராம். கர்ணனை அனுப்பி வைத்தார்.

பவளத்துக்குச் சினை பிடித்து வயிறு இறங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா பழைய வம்சாவளித் தாள்களை அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. பவளத்தோட தாத்தன்னு தளபதின்னு எழுதிருக்க. கர்ணனோட தாத்தன்னு வெள்ளையன்னு எழுதிருக்க. ரெண்டும் ஒரே நாயில்லா?"

"இல்லம்மா. தளபதி ராஜபாளையம். வெள்ளையன் சோழபுரம்."

"அந்தால தெருவுல போலீஸ்காரரு ஒருத்தர் இருந்தாருல்லா, அவரு நாயி தளபதி. மாத்தலாகிப் போகையில சோழபுரத்துல குடுத்துட்டுப் போனாரு. அவுக அதுக்கு வெள்ளையன்னு பேரு வச்சாக. எனக்குத் தெரியாதாக்கும்? அங்கருந்து நடந்தே இங்க வந்து நம்ம வாசல்ல நிக்கும்."

ஒரே பெயரில் பல நாய் இருப்பதைச் சமாளித்த நான், ஒரே நாய்க்குப் பல பெயர் இருக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் போகிற ஊர். மாத்தல் வந்தால் மனிதர் போவார், நாய் கைமாறும், புது வீட்டில் புதுப் பெயர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி அடித்தேன். பிரிண்டர் தலை போய் வந்து, இரு பக்கமும் தாத்தா இடத்தில் ஒரே நாயை அடித்தது.

தாளைப் பார்த்துக் குனிந்தபடியே சுபேதாரிடம் சொன்னேன்.

"சொல்லுறத நிமுந்து சொல்லு."

நிமிர்ந்து சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குட்டி வயித்துல கெடக்கு. இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? விடு. பாத்துக்கிடலாம்."

அம்மா விடவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னார். "இந்தா, நான் இத ஒரு தடவதான் சொல்லுவேன். ஏற்கெனவே அஞ்சு செவிட்டைக் கட்டிக் காப்பாத்துறேன். இந்த ஈத்துலயும் செவிடு விழுந்துச்சுன்னா அதோட நிறுத்திக்கிடணும். நாயும் வேண்டாம், அந்த டப்பாவும் வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். அவர் சரி என்று ஒத்துக்கொண்டு நான் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது.

அன்று மானிட்டருக்கு அடியில் இருந்த புத்தகத்தை உருவி எடுத்தேன். தொடக்கத்திலேயே, இருபது பக்கத்துக்குள், எழுதியிருந்தது: பெயரை அடையாளமாக நம்ப வேண்டாம், பெயர் மாறும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். எழுதியவர் படித்திருக்கிறார். அவர் புத்தகத்தை நான்தான் முக்காலியாக வைத்திருந்தேன்.

குட்டிகள் ஏழு. ஒரு புள்ளி இல்லை. கண் திறந்தது, காது மடல் பிரிந்தது. சோதிக்க வேண்டிய நாள் நெருங்கும்போது அவர் சென்டருக்கு வந்தார். அங்கே புதிதாக ஒரு மெஷினில் சவுண்ட் கார்டும் இரண்டு ஸ்பீக்கரும் போட்டிருந்தோம். அது வேண்டும் என்றார்.

"அது பாட்டுப் போடுறது, ஐயா. உங்களுக்கு எதுக்கு?"

"கை தட்டிப் பாத்தா காத்து அடிக்குது. குட்டி காத்துக்குத் திரும்புது, நாம காது கேக்குதுன்னு நெனச்சுக்கிடுதோம். காலைத் தட்டினாத் தரை அதிருது. காத்தும் வரக்கூடாது, தரையும் அதிரக்கூடாது, சத்தம் மட்டும் வரணும்."

மதுரைக்குப் போனோம். கடையில் நான்கு ஜோடி ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினார்கள். அவர் ஒவ்வொன்றின் வாயிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்தார். மைக் ஒன்றும் வாங்கினோம். எவர்சில்வர் தட்டைக் கல்லில் போடுகிற சத்தத்தை அதில் பதிந்தோம். அம்மாதான் தட்டைப் போட்டார். "என் ஆத்திரத்துக்கு இன்னும் ஒசரத்துலருந்து போடுவேன்" என்றார்.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பால் குடித்த மயக்கத்தில் ஏழு குட்டிகளும் முன்னறையில் கம்பளி மேல் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. பவளத்தைப் பின்கட்டில் கட்டியிருந்தது. ஸ்பீக்கர்களைத் தனியாக ஜன்னல் விளிம்பில், மடித்த சாக்கின் மேல் வைத்தோம். யாரும் நடக்கக் கூடாது, அசையக் கூடாது என்று உத்தரவு. அம்மா கதவோரம் நின்றார். நான் கீபோர்டுக்கு முன்னால், மடியில் என் பட்டியல்: குட்டி ஒன்று முதல் ஏழு வரை, எதிரே 'காது உண்டு', 'காது இல்லை' என்று இரண்டு கட்டம். சுபேதார் கம்பளிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து கையை உயர்த்தினார். இறக்கினார். நான் என்டர் தட்டினேன்.

திரையில் நொடிகள் ஓடி முடிந்தன. சத்தம் வரவில்லை.

தட்டுச் சத்தத்தைப் பதிந்தபோது மைக்கைச் சொருகிய ஓட்டையில், மைக்கை உருவிவிட்டு, ஸ்பீக்கர் வயரைச் சொருகியிருக்கிறேன். கார்டின் பின்னால் மூன்று ஓட்டையும் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்து. அதைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. அசடு வழிய நிமிர்ந்து, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

சுபேதார் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். பிறகு, அந்த ஆறேழு வருடத்தில் நான் கேட்டிராத தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏழும் போச்சு."

அவருக்குச் சத்தம் வந்துவிட்டது என்று எண்ணம். வரவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த மூன்று பேரில் அவருக்கு மட்டும் தெரியவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் சொல்லாதே என்று தலையசைத்தார். அம்மாவுக்கு வெகுநாளாகத் தெரிந்திருக்கிறது. இருநூறு நாய்க்குக் காது உண்டா இல்லையா என்று கட்டம் போட்டு நிரப்பிய நான், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

மெஷினுக்குப் பின்னால் குனிந்து வயரை உருவி, எழுத்தைப் படித்து, சரியான ஓட்டையில் சொருகினேன். எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "ஐயா, இன்னொரு தடவ பாத்துருவோம்."

அவர் வேண்டாவெறுப்பாகக் கையை உயர்த்தினார். இறக்கினார்.

தட்டு விழுந்தது. வரும் என்று தெரிந்திருந்தும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கம்பளியில் தலைகள் எழுந்தன. ஒன்று குரைக்கப் பார்த்து விக்கியது. ஒன்று இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது. சுபேதார் விரலை நீட்டி எண்ணினார். ஐந்து. மற்ற இரண்டும் ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துத் தூங்கின.

"அஞ்சு!" என்று கத்தினார். வழக்கமான அணிவகுப்புக் குரல். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். அம்மா இன்னும் நிலையைப் பிடித்தபடி நின்றார். சுபேதாரின் முகம் மெதுவாக மாறியது.

"மொத வாட்டி நீ குதிக்கலையே."

பிறகு சுபேதார் என்னைப் பார்த்தார்.

"வயரு எங்க இருந்துச்சு?"

"வேற ஓட்டைல, ஐயா."

அவர் எழுந்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண் விழித்த குட்டிகளில் ஒன்று கம்பளியை விட்டு இறங்கி அவர் ஷூ கயிற்றைக் கடிக்க ஆரம்பித்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டுல அஞ்சு தேறிருக்கு. மூணு செவிடு."

"ஏழுதான் ஐயா" என்றேன் நான், பட்டியலைப் பார்த்துக்கொண்டே. "செவிடு ரெண்டுதான்."

அம்மா வந்து என் தோளில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். அதன் பிறகுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. பேனாவை மூடினேன்.

அம்மா அவருக்கு எதிரே போய், வாய் தெரிகிற மாதிரி நின்றார். சொன்ன வார்த்தைப்படி பார்த்தால் அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன், பட்டாளத்தில் தீர்ப்புக்கு நிற்கிறவர் போல முதுகை நிமிர்த்தியிருந்தார்.

"அஞ்சையும் நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருங்க" என்றார் அம்மா. "அந்த மூணும் இங்ஙனயே கெடக்கட்டும்."

அவர் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கி, மேஜைப் பக்கம் விரலைக் காட்டினார்.

"டப்பா?"

அம்மா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுவும் கெடந்துட்டுப் போகுது. வயரு மாட்ட மட்டும் வேற ஆளப் பாருங்க."